எஞ்சினுக்கும் கணப்பு வேண்டும்

கனடா நாட்டில் வின்னிபெக் என்றொரு நகரம் இருக்கிறது. மேற்படிப்புக்காக அங்கே போய் ஜனவரி மாதத்தில் இறங்கும் நம் மாணவரை முதலில் வியக்க வைப்பது பனியன்று. பனியைப்பற்றித்தான் எல்லாரும் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார்களே! தெருவில் நிற்கும் மோட்டார்க் கார்கள்தாம் அவருக்குப் புதுமையாக இருக்கும். ஒவ்வொரு காரின் முன்கிராதிச் சந்து வழியாகவும் ஒரு மின்சாரக் கயிறு வெளியே தொங்கும். அதன் நுனியில் மூன்று முனைப் பிளக்கு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டாற்போல் இருக்கும். அலுவலகங்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் வண்டி நிறுத்துமிடத்தில் குட்டைத் தூண்கள் நட்டு, தூணுக்குத் தூண் பிளக் பாயிண்டு வைத்திருக்கிறார்கள். மாலையில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர், மாட்டை முளையில் கட்டுவதுபோலக் கயிற்றைத் தூணில் செருகிவிட்டு உள்ளே போகிறார்.

மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் போலும் என்று எண்ணிவிட வேண்டாம். இவை சாதாரணப் பெட்ரோல் வண்டிகளே. அந்த மின்சாரம் வண்டியை ஓட்டுவதற்கன்று. எஞ்சினைக் குளிரிலிருந்து காப்பாற்றுவதற்கு. எஞ்சின் பிளாக்குக்குள் பொருத்திய ஒரு சிறு சூடேற்றிக்கு அது போகிறது. 'பிளாக் ஹீட்டர்' என்பது அதன் பெயர். நாம் கணப்பு என்றே சொல்லிக்கொள்ளலாம்.

எஞ்சின் என்பது எரிபொருளை எரித்து ஓடுவது. தானே நெருப்பைச் சுமந்து திரியும் பொருளுக்குக் கணப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் நெருப்பு மூண்ட பிறகுதானே எஞ்சின் சூடாகும்? மூளுவதற்கு முன்னே அதுவும் வெளியில் கிடக்கும் இரும்புத் துண்டுதான். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்றால், விடிகிற நேரத்தில் அதுவும் ஏறத்தாழ அதே குளிரில் இருக்கும். குளிர் அப்போது மூன்று பக்கங்களிலிருந்து எஞ்சினைத் தாக்குகிறது: எண்ணெயில், பாட்டரியில், எரிபொருளில்.

முதலில் எண்ணெயைப் பார்ப்போம். இதற்குக் கனடா வரைக்கும் போக வேண்டியதில்லை. டிசம்பர் பிறந்ததும் நம் விடுதி அறைகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தேங்காயெண்ணெய்ப் புட்டி, கெட்டித்துப்போய் வெள்ளை வெளேரென்று நிற்கும். 24, 25 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறைவது இயல்பு. சென்னையில் அந்தத் தொல்லை அதிகம் இல்லாததால் நமக்கு அது தெரிவதில்லை. புட்டியைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. ஒருவர் வெயிலில் வைப்பார். ஒருவர் சுடுநீர் வாளியில் மிதக்க விடுவார். பொறுமையில்லாதவர் ஈர்க்குச்சியால் குடைந்தெடுப்பார். எஞ்சின் எண்ணெய் இப்படிப் பளிச்சென்று உறைந்துவிடுவதில்லை. ஆனால் குளிர ஏறஏற நீர்போல் ஓடியது தேனாகி, தேன் பாகாகி, பாகு பிசினாகிவிடும். இரவெல்லாம் அந்த எண்ணெய் வடிந்து எஞ்சினின் அடித்தொட்டியில் தங்கிக் கிடக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் அது மேலே ஏறித் தண்டுகளுக்கும் தாங்கிகளுக்கும் இடையே புகுந்தாக வேண்டும். பிசினாக இருக்கும் எண்ணெய் உடனே ஏறுமா? அது வந்து சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உராய்ந்துகொண்டிருக்கும். எஞ்சினின் தேய்மானத்தில் பெரும்பகுதி ஓடும்போது ஏற்படுவதன்று, கிளம்பும்போது ஏற்படுவது என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

எண்ணெய்ப் புட்டியின்மேல் '5 டபிள்யூ 30' என்பது போன்ற குறிகளைப் பார்த்திருப்பீர்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 5 டபிள்யூ எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியிலும், 15 டபிள்யூ எண்ணெய் கீழே 20 டிகிரியிலும், எஞ்சினைச் சுழலவிடும் அளவுக்கு இளக்கமாக இருக்கிறதா என்று சோதிக்கப்படுகிறது. எண் சிறியதாக ஆகஆக எண்ணெய் குளிரைத் தாங்கும்.

இனிப் பாட்டரி. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும் அந்தச் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் கேட்கிறது. பாட்டரியினுள் நடப்பதோ ரசாயன மாற்றம். குளிரில் ரசாயன மாற்றங்கள் மந்தமாகிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பாட்டரியின் சுழற்றும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. எஞ்சின் இரு மடங்கு கனத்துக் கிடக்கும் அதே காலையில் பாட்டரி பாதி பலத்தோடு நிற்கிறது! இன்னொன்றும் உண்டு. நிறைந்த பாட்டரியிலுள்ள கந்தகாமிலக் கலவை 50 டிகிரிக் குளிரிலும் உறையாது. காலியான பாட்டரியில் அமிலம் நீர்த்துப் போவதால், பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்து பெட்டி வெடித்துவிடக்கூடும்.

மூன்றாவது எரிபொருள். பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாக மறுக்கிறது. அதை ஈடுசெய்ய எஞ்சின் மிகுதியான பெட்ரோலை உள்ளே விடுகிறது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர்களிலுள்ள கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு போகிறது. மீதி புகையாக வெளியேறுகிறது. புகையைச் சுத்தி செய்யும் வினையூக்கிப் பெட்டியோ 250, 300 டிகிரி சூடேறினால்தான் வேலை செய்யும். டீஸல் எஞ்சினின் நிலை இன்னும் பரிதாபம். அதில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் வெப்பத்தாலேயே டீஸல் பற்றிக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள இரும்பு சில்லிட்டிருந்தால் அந்த வெப்பத்தை அதுவே உறிஞ்சிவிடுகிறது.

இந்தத் தொல்லை மோட்டார் தோன்றிய நாளிலிருந்தே உண்டு. கனடாவின் வடபகுதியிலும் அலாஸ்காவிலும் விமானம் ஓட்டிய பழைய விமானிகள், மாலையில் இறங்கியதும் எஞ்சின் எண்ணெய் முழுவதையும் தகர டப்பாக்களில் வடித்துக் குடிசைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள். விடியலில் அதை அடுப்பில் ஏற்றுவார்கள். எஞ்சினைக் கித்தான் கூடாரத்தால் மூடி, கீழே ஊதடுப்பை எரியவிட்டுப் பக்கத்திலேயே தீயணைக்கும் கருவியோடு காத்திருப்பார்கள். எஞ்சின் போதிய சூடு கண்டதும் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி உடனே கிளப்பிவிட வேண்டும். சற்று அயர்ந்தால் விமானமே சாம்பல்.

மின்சாரம் கிராமங்களுக்கு வந்தபின் வழி பிறந்தது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மின்சாரக் கூட்டுறவு ஒன்றில் பணிபுரிந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், சிலிண்டர்த் தலையை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் உள்ளே சூடேற்றிக் கம்பி வைத்த குழல் போல்ட்டைப் பொருத்தினார். இதற்கு 1949-ல் காப்புரிமை பெற்றார்.

இன்று வழக்கத்திலிருப்பது அதைவிட எளிய முறை. எஞ்சின் பிளாக்கை வார்க்கும்போது நீரோடும் வழிகளுக்காக உள்ளே மணற்கருவை வைத்து வார்க்கிறார்கள். வார்த்தபின் அந்த மணலை வெளியே கொட்டச் சில துளைகள் தேவை. அத்துளைகளைப் பிறகு கிண்ணம் போன்ற தகடுகளால் அடைத்துவிடுவார்கள். நீர் உறைந்து விரிந்தால் எஞ்சின் வெடிக்காமல் காப்பதற்காக வைத்த அடைப்புகள் இவை என்று பல மெக்கானிக்குகளும் நம்புகிறார்கள், அது சரியன்று. அந்த அடைப்பு ஒன்றை எடுத்துவிட்டு அதே துளையில் ஹீட்டரைச் செருகினால், அதன் சூடேறும் நுனி நேரே ரேடியேட்டர் நீரில் மூழ்கி நிற்கும். காலையில் குளிப்பதற்காக வாளியில் நாம் தொங்கவிடும் வாட்டர் ஹீட்டர் கம்பி இருக்கிறதே (விடுதிக் காப்பாளர் கண்ணில் பட்டால் பறிபோகும் அதே கம்பிதான்), அதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேற்றுமை இல்லை. நம்முடையது 1,000 அல்லது 1,500 வாட். கார்களில் வைப்பது பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட்.

எஞ்சின் ஓடாதபோது நீரைச் சுற்றிவரச் செய்வது எது? அடியில் சூடான நீர் இலேசாகி மேலே எழுகிறது. மேலுள்ள குளிர்நீர் கீழே இறங்குகிறது. உலைநீரில் அரிசி மேலும் கீழும் சுழல்வதைப் பார்த்திருக்கிறோமே, அதேதான். ஆகவே ஹீட்டரை எவ்வளவு தாழ்வாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் சூட்டுத் தகடுகளும், பாட்டரிக்குப் போர்த்தும் மின்சாரப் போர்வைகளும் தனியே கிடைக்கின்றன. எண்ணெய் அளக்கும் குச்சியின் இடத்தில் செருகும் சிறு ஹீட்டரும் உண்டு. அது மலிவு, பயனும் அந்த அளவுக்குத்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எத்தனை மணி நேரம் செருகி வைக்க வேண்டும்? அந்நாடுகளிலும் பலர் மாலை ஆறு மணிக்குச் செருகிக் காலை எட்டு மணிக்கு எடுக்கிறார்கள். இரவு முழுதும் சூடேறினால் எஞ்சின் இன்னும் நன்றாகச் சூடாகும் என்பது அவர்கள் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சின் 100 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொள்வோம். கீழே 30 டிகிரியிலிருந்து மேலே 10 டிகிரி வரை, அதாவது 40 டிகிரி, ஏற்ற வேண்டும். இரும்புக்கு வேண்டிய வெப்பம் தண்ணீருக்கு வேண்டியதில் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆக இரும்புக்கு ஏறத்தாழ 440 கிலோ கலோரி. ஆறு லிட்டர் ரேடியேட்டர் கலவைக்குச் சுமார் 200; எண்ணெய்க்கு 60 அல்லது 70. எல்லாம் சேர்ந்து 710 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். எனவே தேவைப்படுவது ஒரு யூனிட்டுக்கும் குறைவு! 400 வாட் ஹீட்டர் அதை இரண்டு மணி நேரத்தில் தந்துவிடும்.

வெப்பம் சிறிதும் சிதறாது என்று கொண்ட கணக்கு இது. உண்மையில் சிதறத்தான் செய்யும். சிதறுவதற்கும் ஒரு விதி உண்டென்பதைப் பள்ளியிலேயே நியூட்டன் பெயரால் படித்திருக்கிறோம். சூடான பொருளுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்கு வெப்பம் வெளியேறும். முதல் ஒரு மணியில் எஞ்சின் விறுவிறுவென்று சூடேறும். பிறகு வேகம் தணியும். மூன்று, நான்கு மணிக்குப்பின் ஹீட்டர் தருவதும் காற்று பறிப்பதும் ஏறக்குறையச் சமமாகிவிடும். அதற்குமேல் எத்தனை மணி நேரம் எரித்தாலும் எஞ்சின் ஒரு டிகிரிகூடக் கணிசமாக ஏறாது. 14 மணி நேரம் செருகியவர் 5.6 யூனிட் செலவழிக்கிறார். மூன்று மணி நேரம் செருகியவர் 1.2 யூனிட். காலையில் இருவருடைய எஞ்சினும் ஒரே சூட்டில்தான் இருக்கும். மிச்ச மின்சாரம் ஊர்வெளியைச் சூடாக்கப் போயிற்று. குளிர்காலம் முழுதும், ஓர் ஊரிலுள்ள வண்டிகள் அத்தனைக்கும் கூட்டிப் பார்த்தால் எவ்வளவாகும்!

இதற்காக விடியலில் எழுந்துபோய்ச் செருக வேண்டியதில்லை. நேரம் குறித்து வைத்தால் தானே இயங்கும் டைமர் விற்கிறது. பின்லாந்து நாட்டுத் தூண்களில் கடிகாரத்தையே பதித்துவிட்டார்கள். மறுநாள் புறப்படும் நேரத்துக்குத் தகத் திருப்பி வைத்தால், அதற்கு முந்திய இரண்டு மணி அளவில் மின்சாரம் பாயும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போட்டால் போதும் என்றுதான் கனடா அரசாங்கத்தின் இயற்கை வளத்துறையும் சொல்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் எரிபொருளில் 10 சதவிகிதம்வரை மிச்சமாகலாம் என்பதும் அத்துறையின் மதிப்பீடு. பொதுவாகக் கீழே 15 டிகிரிக்கு மேற்பட்ட குளிரில்தான் இதன் தேவை வருகிறது. டெல்லிக் குளிருக்கு இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஹீட்டர் இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள்? சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் எஞ்சினை நிறுத்தாமல் நாளெல்லாம் ஓடவிடுவோர் உண்டு. அங்குள்ள குளிருக்கு அதில் நியாயமும் இருக்கலாம். மற்ற இடங்களில், காலையில் எஞ்சினைக் கிளப்பிவிட்டு வீட்டுக்குள் போய்க் காப்பி குடித்துவிட்டு வருவது வீண் செலவு. சும்மா ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும். கிளம்பிய அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் நிதானமாக ஓட்டத் தொடங்குவதே இன்றைய எஞ்சின்களுக்கு ஏற்றது. மூடிய கொட்டகைக்குள் ஓடவிடுவதோ உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்ந்த எஞ்சின் அதை மிகுதியாகக் கக்கும். கொட்டகைக்கு ஒட்டிய அறையில் தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடலாம்.

அந்நாடுகளுக்குப் போகும் நண்பர்கள் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. வெளியிடத்துக்கென்று செய்த, எர்த் இணைப்புள்ள மூன்று முனைக் கயிற்றையே பயன்படுத்த வேண்டும். வீட்டுக்குள் விளக்குக்குப் போடும் கயிறு குளிரில் விறைத்து வெடித்துவிடும். பனியில் ஈரம் பட்டால் ஷாக் அடிக்கும். ரேடியேட்டர் நீர் குறைந்து ஹீட்டர் நுனி காற்றில் நின்றால் அது எரிந்துபோகும். உறைதடுப்புத் திரவத்தைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. எத்திலீன் கிளைக்காலைத் தனியாக வைத்தால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். சரிபாதி நீர் கலந்தால் கீழே 37 டிகிரிவரை தாங்கும். ஆதலால் 'நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பு' என்று கலவையைக் கெடுத்துவிடக் கூடாது. கயிற்றைக் கழற்ற மறந்து வண்டியைக் கிளப்புகிறவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கழற்றாவிட்டால் கார்க் கதவைத் திறக்க முடியாதபடி கயிற்றைக் கதவின் பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிச் செருகுவது பழக்கமானவர்களின் வழி.

மூன்று மணி நேரம் போதும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிகளில் மின்சாரம் நின்றால் உடனே கிளம்ப வேண்டிய டீஸல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் இத்தகைய அவசர ஜெனரேட்டர் 10 விநாடிக்குள் பளுவை ஏற்றாக வேண்டும் என்பது விதி. அறுவைச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் அறையில் அதற்குமேல் பொறுக்க முடியாது. கார்க்காரருக்குத் தாம் புறப்படும் நேரம் தெரியும். மின்சாரம் எப்போது நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே அந்த எஞ்சின்களின் ஹீட்டர் இரவு பகலாக வேலை செய்துகொண்டே இருக்கும். அங்கே அது வீண் செலவாகாது.

நம் நாட்டிலும் இந்தப் பிரச்சினை உள்ள இடம் லடாக். லே நகரம் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திராஸ் பள்ளத்தாக்கில் குளிர்காலத்து இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி சாதாரணம். அங்கே ஓடும் லாரிகளுக்கு எஞ்சினைச் சூடாக்கினால் மட்டும் போதாது. டீஸலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் பிரிந்து வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். மேலும் குளிர்ந்தால் தொட்டியிலுள்ள டீஸல் முழுவதும் கூழாகிவிடும். மறுபடியும் தேங்காயெண்ணெய்க் கதைதான். பிளாக் ஹீட்டரின் சூடு பின்னாலிருக்கும் தொட்டிவரை எட்டாது. இதனால் டிரைவர்கள் டீஸலில் மண்ணெண்ணெய் கலப்பதும், தொட்டிக்கடியிலேயே நெருப்பு மூட்டுவதும் உண்டு. எரிபொருள் தொட்டிக்குக் கீழே நெருப்பு! பழைய விமானிகளிடமாவது பக்கத்தில் தீயணைக்கும் கருவி இருந்தது.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரிவரை ஓடும் தன்மை மாறாத குளிர்கால டீஸலை லடாக்குக்கென்று வெளியிட்டது. பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில் அது தயாராகியது. எரிபொருள் பற்றிய கவலைக்கு அது பரிகாரம். ஆனால் எஞ்சினும் எண்ணெயும் குளிர்ந்தபடிதானே இருக்கும்? மலைப்பாதையில் இரவு தங்கும் லாரிக்காரருக்குக் கயிற்றைச் செருகத் தூண் எங்கே இருக்கிறது? அத்தகைய இடங்களுக்குக் கணப்பு வண்டியோடேயே பயணம் செய்தாக வேண்டும். தொட்டியிலிருந்து சிறிதளவு டீஸலை எடுத்து எரித்து, ரேடியேட்டர் நீரைச் சூடாக்கி, ஒரு சிறு பம்பினால் எஞ்சினைச் சுற்றி ஓடவிடும் கருவிகள் ஐரோப்பிய லாரிகளில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அந்தப் பம்புக்கும் விசிறிக்கும் வேண்டிய மின்சாரம் பாட்டரியிலிருந்து வருவதால், இரவு எஞ்சினை நிறுத்துமுன் பாட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது டிரைவரின் பொறுப்பு.